அக்காவுக்கு ஓர் இடம்

மேர்வின் தலவாக்கலை ஆட்டோ ஸ்டாண்டில் அதிகம் பேசாத ஆள். வரிசையில் பின்னால் நிற்பவன் முந்திக்கொண்டு ஹயருக்கு வந்த ஆளை ஏற்றிப் போனாலும் "சரி, விடு" என்று பத்திரிகையை விரித்துக்கொள்வான். அப்படிப்பட்டவன் கூடப்பிறந்த அக்காவைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் விடப்போகிறான் என்று பேச்சு கிளம்பியபோது தேயிலைத் தோட்டத்தில் பாதிப்பேர் நம்பவில்லை. நம்பியவர்கள், அது அவன் மனைவி ஷெரோமி செய்கிற வேலை என்றார்கள். உண்மையில் அந்த முடிவை எடுத்தது மேர்வின்தான். எடுத்தபோது ஷெரோமி ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, இடது கைக்கு மாவுக்கட்டுப் போடக் காத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா பெயர் மரியநாயகி. மேர்வினைவிடப் பதினைந்து வயது மூத்தவள். அவன் தவழும் வயதில் தாய் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவனுக்கு எல்லாம் அக்காதான். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள், தம்பிகள் இருவரையும் ஆளாக்க அந்தச் சம்பளம் எட்டாது என்று கண்டு சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இரண்டு வருடம் என்று சொல்லிப் போனவள் இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தாள், ஒரு வீடு விட்டு இன்னொரு வீடாக. ஜெபமாலையைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு தூங்கியதாக ஒருமுறை சொன்னாள். மற்றபடி அந்த வீடுகளைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. பெரிய தம்பி செபஸ்தியாம்பிள்ளைக்கு ராகலையில் உரக்கடை வைத்துக் கொடுத்தது அவள் அனுப்பிய பணம். மேர்வினுக்குப் படிப்பு ஏறவில்லை. அவனுக்கு முதல் ஆட்டோ வாங்கித் தந்ததும் அதே பணம்தான். அவளுடைய கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "அடுத்த லீவுக்கு வரப்போ பாக்கலாம்" என்பாள். அப்படியே வயது போய்விட்டது.

ஊர் திரும்பியபோது ஐம்பதைத் தாண்டியிருந்தாள். மேர்வின், லயத்து வரிசையில் கடைசியாக இருந்த தன் வீட்டை ஒட்டித் தான் இழுத்துக் கட்டிய அறையை அவளுக்குக் கொடுத்தான். பத்து வருடம் போல நன்றாகவே போனது. கோழி வளர்த்தாள். மாதா கோயிலுக்குப் பூ கொண்டுபோனாள். ஷெரோமி தலவாக்கலையில் ஒரு தையல்கடைக்கு வேலைக்குப் போக, வீட்டை இவள் பார்த்துக்கொண்டாள். பிள்ளை இல்லாத வீடு. மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து ஜெபம் சொல்லிப் படுத்தார்கள்.

பிறகு மறதி வந்தது. கறிக்கு உப்பு இரண்டு முறை விழுந்தது. கோழிக்கூட்டை மூடிவிட்டு, மூடவில்லையென்று நாலுமுறை எழுந்து போய்ப் பார்த்தாள். ஒருநாள் விடிந்தும் விடியாமலும் கைப்பையில் உடுப்புகளைத் திணித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்கக்கா போறீங்க?" என்று மேர்வின் கேட்டான்.

"எயார்போட்டுக்கு. வேன் வரும். நீ போய்ப் படு, பனி கொட்டுது."

அதற்குப் பிறகு எல்லா விடியலும் எயார்போட் விடியலானது. அடுப்படியில் நிற்கும்போது யாரோ கூப்பிட்டதுபோல் திடுக்கிட்டு, "ஹாதிர், மேடம்" என்பாள். அரபியில், இதோ வந்துவிட்டேன் என்று பொருளாம். டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு, மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, இது குறையாது, கூடத்தான் செய்யும், தனியாக விடவேண்டாம் என்று சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். ஷெரோமி தையல்கடையை விட்டு நின்றாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை.

மூன்று வருடம் அவள் பார்த்தாள். குளிக்க வைத்தாள், ஊட்டினாள், இரவில் மூன்று முறை எழுந்தாள். ஒருமுறை மரியநாயகி பனிமூட்டத்தில் தேயிலைக்குள் இறங்கிவிட, கொழுந்து எடுக்கிற பெண்கள் ஓடைக்குப் பக்கத்தில் கண்டு கூட்டிவந்தார்கள். காலெல்லாம் அட்டை. அன்று முதல் ஷெரோமி கதவைச் சாத்தி வைக்கத் தொடங்கினாள். பொழுது சாயும் நேரத்தில்தான் அக்கா மிகவும் கலங்குவாள். அப்படியொரு மாலையில் ஷெரோமி கதவைச் சாத்தப்போனபோது, "யாரு நீ? என்னப் பூட்டி வைக்கிறியா?" என்று கேட்டு மரியநாயகி முழுப் பலத்தோடு தள்ளினாள். ஷெரோமி வாசற்படியில் உருண்டு மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு மேர்வின் ஓடிவந்தபோது, "படி பாசி புடிச்சிருக்கு, வழுக்கிருச்சு" என்றாள்.

"படிய நான் நேத்துத்தான் தேய்ச்சு விட்டேன்."

"அவங்க வேணும்னு செய்யலங்க. பயந்துட்டாங்க. அந்த ஊர்ல யாரோ அவங்கள உள்ள போட்டுப் பூட்டியிருக்காங்க போல. கதவு சாத்துனாலே அப்படித்தான்."

"தெரியும்."

"ராகலை அண்ணன்கிட்ட சொல்லிறாதீங்க."

"நான் இடம் பாக்கப் போறேன்," என்றான் மேர்வின்.

"என்ன இடம்?"

"அக்காவுக்கு. நல்ல இடமாப் பாத்து வைக்கணும். நம்மளால முடியல ஷெரோமி. முடியுது முடியுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா, அடுத்த தடவ அவங்க விழுவாங்க. இல்லாட்டி மறுபடி நீ விழுவே."

ஷெரோமிக்கு அழுகை வந்தது. வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து பகலில் பக்கத்து வீட்டு லெட்சுமியைத் துணைக்கு வைத்துவிட்டு மேர்வின் இடம் பார்க்கப் புறப்பட்டான். அவனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஆனால் பழைய ஆட்டோ வாங்கப் போனால் விற்கிறவன் கழுவித் துடைத்து வைத்திருப்பான், சொல்லாமல் போய்ப் பார்த்தால்தான் வண்டியின் லட்சணம் தெரியும் என்பது தெரியும். இதையும் அப்படித்தான் பார்த்தான். ஒரு தடவை சொல்லிவிட்டுப் போவான். இன்னொரு தடவை சொல்லாமல் போவான்.

முதலில் பார்த்தது நுவரெலியாப் பக்கம் ஒரு பெரிய இடம். தரை முகம் பார்க்கலாம் போல மின்னியது. வாசலில் ரோசாத் தொட்டிகள். உள்ளே, நண்பகலில், பத்துப் பதினைந்து முதியவர்கள் இரவு உடுப்போடு தொலைக்காட்சிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அதைப் பார்க்கவில்லை. ஓரத்திலிருந்த ஒரு தமிழ்ப் பெரியவர் பணிப்பெண்ணின் கையைப் பிடித்து, "வயிறு இழுத்துப் புடிக்குதும்மா" என்றார். அவள் பிரியமாகச் சிரித்து, "ஹரி ஹரி, சீயா" என்று, சரி சரி தாத்தா என்பதைச் சிங்களத்தில் சொல்லித் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். நல்ல பிள்ளைதான். ஆனால் அவளுக்குத் தமிழ் தெரியாது. பெரியவர் மறுபடியும் யாரிடமோ சொல்ல ஆரம்பித்தார். மேர்வின் அங்கிருந்த மேலாளரிடம், இங்கே தமிழ் பேசுகிறவர்கள் யாராவது வேலை செய்கிறார்களா என்று சிங்களத்தில் கேட்டான். பூந்தோட்ட வேலைக்கு ஒருவர் வருவார் என்று பதில் வந்தது. அக்காவுக்குச் சிங்களம் முன்பு நன்றாக வரும். இப்போது அது ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்துகொண்டிருந்தது. மேர்வின் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டான். பெரியவரின் வயிற்றைப் பற்றியும் சொல்லிவிட்டுத்தான் வந்தான்.

அடுத்தது கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இல்லம். பணம் கேட்க மாட்டார்கள். தலைவியாக இருந்த சிஸ்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நடமாடுவாங்களா?"

"நல்லா நடப்பாங்க, சிஸ்டர்."

"அதுதான் கஷ்டம் தம்பி. படுத்திருக்கிறவங்கள எங்களால பாக்க முடியும். எழுந்து போறவங்கள முடியாது. நாங்க நாலு பேர்தான். ஒரு நாள் கேட்டைத் தாண்டிப் போயிட்டாங்கன்னா நான் உங்களுக்கு என்ன பதில் சொல்ல?"

மேர்வினுக்குக் கோபம் வரவில்லை. முடியாததை முடியாது என்று சொன்ன ஆளை அவனுக்குப் பிடித்தது. அந்த சிஸ்டரே ஹட்டனில் ஓர் இடத்தைச் சொன்னார். "காசு கேப்பாங்க. ஆனா போய்ப் பாருங்க."

அது ஹட்டன் டவுனைத் தாண்டி, ரோட்டிலிருந்து சற்று ஏறிப்போக வேண்டிய ஒரு பழைய பங்களா. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஜெயந்தினி என்பவர் நடத்தினார். எல்லோரும் அவரை மிஸ்ஸி என்று கூப்பிட்டார்கள். தரை மின்னவில்லை. லேசாக மூத்திர வாடை இருந்தது. அதை மறைக்க எதையும் தெளித்து வைத்திருக்கவில்லை. இருந்த முதியவர்கள் எல்லோரும் பெண்கள். எல்லோருக்கும் நகம் வெட்டியிருந்தது. அதை மேர்வின் கவனித்தான், ஏனென்றால் அக்காவுக்கு நகம் வெட்டுவது எவ்வளவு பெரிய பாடு என்று அவனுக்குத் தெரியும்.

மிஸ்ஸி பணத்தைப் பற்றி முதலில் பேசவில்லை. "அக்காவுக்கு எந்த நேரம் கஷ்டமா இருக்கும்?" என்று கேட்டார்.

"அந்தியில, மிஸ்ஸி."

"அப்போ என்ன செஞ்சா அடங்குவாங்க?"

இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் அவனிடம் கேட்டதில்லை. யோசித்துச் சொன்னான். "துணி மடிக்கக் குடுத்தா கொஞ்சம் அமைதியாவாங்க. சும்மா உக்காரச் சொன்னாத்தான் பயப்படுறாங்க. பிறகு, கதவ அவங்க கண்ணு முன்னால சாத்தக் கூடாது."

'ஹாதிர்' என்ற சொல்லையும், அது வந்தால் அக்கா சவூதி வீட்டில் இருப்பதாக நினைக்கிறாள் என்பதையும் சொன்னான். மிஸ்ஸி, அங்கே வேலை செய்யும் ராசம்மாவைக் கூப்பிட்டு அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்ல வைத்துப் பழக்கினார்.

"இங்கருந்து யாராவது வெளிய போயிருக்காங்களா?" என்று மேர்வின் கேட்டான்.

"போயிருக்காங்க," என்றார் மிஸ்ஸி. "போன வருஷம் ஒரு அம்மா ரோடு வரைக்கும் போயிட்டாங்க. அதுக்குப் பிறகு கேட்டுல மணி போட்டோம், எப்பவும் ஒரு ஆள் முன்பக்கம் இருக்கும். இனிமே நடக்கவே நடக்காதுன்னு நான் உங்களுக்குச் சத்தியம் பண்ண மாட்டேன். பங்களாவச் சுத்திப் பாதை இருக்கு. எவ்வளவு நடந்தாலும் திரும்பி வாசலுக்கே வந்துருவாங்க."

ஒரு வாரம் கழித்து, கொட்டுகிற மழையில், விளக்கு வைக்கும் நேரத்தில் மேர்வின் சொல்லாமல் போய் நின்றான். உள்ளே யாரோ ஓர் அம்மா வீடு போகவேண்டும் என்று அழுதுகொண்டிருந்தாள். ராசம்மா அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து கையில் வைத்தபடி, "போவோம் போவோம், மழை விடட்டும், இத ஒரு வாய் சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. சோறு ஆறிப்போனதும் எழுந்து போய்ச் சூடாக வேறு போட்டுக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். மேர்வின் நனைந்த சட்டையோடு கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மிஸ்ஸியிடம் போய், "ஒரு கட்டில் எங்களுக்கு வைங்க" என்றான்.

இனிப் பணம். மாதக் கட்டணம் அவன் சம்பாதிப்பதில் பாதிக்கு மேல் போகும். தனியாகச் சுமந்தால் ஒரு வருடம் தாங்கும். அதற்குப் பிறகு பாதியில் அக்காவைத் திருப்பிக் கூட்டிவர வேண்டியிருக்கும். அது சேர்க்காமல் இருப்பதைவிட மோசம் என்று அவனுக்குத் தோன்றியது. ஆகவே ராகலைக்குப் போனான்.

செபஸ்தியாம்பிள்ளை கடைக் கல்லாவில் இருந்தபடியே கேட்டு முடித்தார். அறுபது வயது, கோயில் திருவிழாக் கமிட்டியில் முன்னால் நிற்பவர்.

"நம்ம குடும்பத்துல யாரையும் இப்படிக் கொண்டுபோய் விட்டதில்ல தம்பி," என்றார். "நாளைக்கு நான் கோயில்ல எப்படி நிக்கிறது? சம்பாதிச்சுப் போட்டவள மடத்துல தள்ளிட்டான்னு சொல்ல மாட்டாங்க?"

"சொல்லுவாங்கண்ணே. எனக்கு இப்பவே சொல்லுறாங்க."

"ஷெரோமியால முடியாட்டி முடியாதுன்னு சொல்லு. இங்க கொண்டு வந்து விடு. நானும் அண்ணியும் பாத்துக்கிறோம்."

மேர்வின் வாதாடவில்லை. "நாளைக்குக் கூட்டிக்கிட்டு வாறேன்," என்றான்.

ஷெரோமிக்கு அதில் சம்மதமில்லை. பழகாத வீட்டில் அக்கா தடுமாறுவாள் என்று பயந்தாள். மேர்வினுக்கும் அந்தப் பயம் இருந்தது. "அண்ணனுக்குத் தெரியாததச் சொல்லி விளங்க வைக்க எனக்கு வாய் இல்ல," என்றான். "உண்மையாவே அவங்களால பாக்க முடிஞ்சா நல்லதுதானே. அக்காவுக்குச் சொந்த வீடு மாதிரி." அக்காவின் மாத்திரைகளை எந்த வேளைக்கு எது என்று அண்ணியிடம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தான். தினமும் போனில் விசாரித்தான். முதல் நாலு நாள் "நல்லா இருக்கா" என்றார் அண்ணன். பிறகு "இருக்கா" என்றார். பிறகு அண்ணிதான் போனை எடுத்தாள். குரலே தூக்கமில்லாமல் இருந்தது. பத்தாம் நாள் அண்ணன் கூப்பிட்டு, "கொஞ்சம் வந்துட்டுப் போறியா" என்று மட்டும் கேட்டார்.

மேர்வின் போய்ச் சேர்ந்தபோது கடையில் விவசாயிகள் இரண்டு மூன்று பேர் விதைக் கிழங்குக்கும் மருந்துக்கும் நின்றிருந்தார்கள். மரியநாயகி கைப்பையோடு கல்லாவுக்கு முன்னால் நின்றாள். தலையை முக்காடிட்டு மூடியிருந்தாள். கண் தரையைப் பார்த்தபடி இருந்தது. அவள் இவ்வளவு பணிவாக நின்று மேர்வின் பார்த்ததே இல்லை.

"சேர், என்ட பாஸ்போட்டைக் குடுங்க சேர்," என்றாள்.

"அக்கா, நான் செபா. உங்க தம்பி," என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

"சம்பளம் மூணு மாசமா வரல சேர். நான் ஒண்ணும் சொல்லல. ஊர்ல தம்பிங்க ரெண்டு பேர் இருக்காங்க, அதுங்களுக்கு அனுப்பணும். அத மட்டும் குடுத்துட்டீங்கன்னா போதும். பிறகு வேலை செய்யிறேன். எவ்வளவு நேரம்னாலும் செய்யிறேன்."

கடையில் நின்றவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். செபஸ்தியாம்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் எழுந்ததைக் கண்டதும் மரியநாயகி ஓரடி பின்னால் போய், முகத்துக்கு முன்னால் கையைத் தூக்கினாள். அடி விழப்போகிறது என்று நினைத்துத் தூக்கிய கை அது. அறுபது வயது மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

மேர்வின்தான் போய் மெதுவாகப் பையை வாங்கினான். "வாங்கக்கா, தேத்தண்ணி குடிப்போம். காசு அனுப்பியாச்சு. தம்பிங்களுக்குக் கெடைச்சிருச்சு."

"கெடைச்சிருச்சா?"

"கெடைச்சிருச்சு."

அண்ணி அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். செபஸ்தியாம்பிள்ளை உரமூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். "தினமும் இதே தான் தம்பி," என்றார். "காலையில வந்து நிக்கிறா. அங்க சம்பளம் குடுக்காம வச்சிருந்தாங்களா? அடிச்சாங்களா? நமக்கு ஒண்ணுமே சொல்லலியே. நான் கடைக்குக் காசு போதாதுன்னு கடுதாசி மேல கடுதாசி போட்டேனே."

மேர்வினும்தான் எழுதியிருந்தான்.

"அந்த இடம் எங்க இருக்கு?" என்று அண்ணன் கேட்டார். கேட்டுவிட்டு, கல்லாவைத் திறந்து நோட்டுக்கட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

மேர்வின் வாங்கவில்லை. அவன் வாழ்நாளில் அண்ணனிடம் எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். அதுவும் சத்தம் போடாமல்.

"இப்படிக் குடுக்காதீங்கண்ணே. இந்தக் காசு முடிஞ்சிரும். அக்காவுக்கு ஒடம்பு நல்லா இருக்கு, இன்னும் பத்து வருஷம் இருப்பாங்கன்னு டாக்டர் சொல்றாரு. இருக்கிற வரைக்கும் மாசா மாசம் போகணும். கடைக்கு மேல் மாடிய வாடகைக்கு விட்டிருக்கீங்க இல்ல, அந்த வாடகை நேரா இல்லத்துக்குப் போற மாதிரி பேங்குல சொல்லி வச்சிருங்க. மிச்சத்த நான் கட்டுறேன். நான் ஒவ்வொரு மாசமும் வந்து கேக்க மாட்டேன். கேக்க வச்சா நமக்குள்ள சண்டை வரும்."

அண்ணன் அவனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, "நாளைக்குப் பேங்குக்குப் போவோம். நீயும் வா," என்றார்.

ராகலையிலிருந்து மறுபடி வீட்டுக்குக் கூட்டிவந்த அக்காவை இல்லத்தில் சேர்க்கிற நாள் வந்தபோது, எயார்போட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போனால் அக்கா தகராறு பண்ணாமல் வருவாள் என்று லெட்சுமி யோசனை சொன்னாள். மேர்வினுக்கு மனம் வரவில்லை. அக்கா கலங்கிய அந்திகளில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறான். இந்த ஒன்றைப் பொய்யில் தொடங்கக்கூடாது என்று நினைத்தான். காலையில் அவள் தெளிவாக இருக்கிற நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, ஹட்டன்ல ஒரு வீட்டுக்குப் போறோம். அங்க உங்களப் பாத்துக்க ஆள் இருக்கு. தமிழ் ஆளுங்க. நான் வாரா வாரம் வருவேன்."

மரியநாயகி அவன் முகத்தையே பார்த்தாள். எவ்வளவு விளங்கியது என்று தெரியவில்லை. "அந்தப் பொண்ணு கை எப்படி?" என்று கேட்டாள்.

வாசலில் நின்ற ஷெரோமி சட்டென்று உள்ளே போய்விட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒற்றைக் கையாலேயே மரியநாயகிக்குத் தலை வாரிவிட்டாள்.

முதல் மாதம் சரியாகப் போகவில்லை. மரியநாயகி சாப்பிடவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாள் ராசம்மாவைக் கிள்ளினாள். மெலிந்து, கன்னம் ஒட்டிப்போய், மேர்வினைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அங்கிருந்து வீடு வந்து சாவியை மேசையில் வைத்துவிட்டு, "கூட்டிட்டு வந்துருவோமா?" என்று கேட்டான்.

ஷெரோமியின் மாவுக்கட்டை அப்போதுதான் பிரித்திருந்தார்கள். "இங்க வந்தா மட்டும் சாப்பிடுவாங்களா?" என்றாள். "கடைசி மாசம் நான் ஊட்டினதயும் துப்பினாங்க, மறந்துட்டீங்களா? இப்பக் கூட்டிட்டு வந்து, பிறகு மறுபடி கொண்டுபோய் விட்டா, அவங்க ரெண்டு தடவ பாடுபடணும். இன்னும் கொஞ்சம் பொறுப்போம். நாளைக்கு நானும் வாறேன், மிஸ்ஸிகிட்டப் பேசுவோம்."

போனார்கள். மிஸ்ஸி டாக்டரைக் கூப்பிட்டு மாத்திரை ஒன்றை மாற்றினார். ஷெரோமி ராசம்மாவைத் தனியே கூட்டிப்போய், மேசையில் தட்டு வைத்தால் அக்கா தொடமாட்டாள், வேலைக்காரியாக இருந்த பழக்கம், மற்றவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு அடுப்படியில் வைத்துக் கொடுத்துப் பாருங்கள் என்று சொன்னாள். அது பலித்தது. அடுப்படியில், சுவரோரம் ஒரு பலகையில் உட்கார்ந்து, மரியநாயகி தட்டைக் காலி பண்ணினாள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தாள். மெல்ல மெல்ல அடுப்படியில் அவளுக்கென்று ஓர் ஆட்சி உண்டானது. துவைத்த துணி வந்தால் அவளிடம்தான் வரும். மூலைக்கு மூலை பிசகாமல் மடிப்பாள். மற்ற அம்மாக்கள் கலைத்துவிட்டால் கோபித்துக்கொண்டு மறுபடி மடிப்பாள்.

ஷெரோமி தையல்கடைக்குத் திரும்பவும் போகத் தொடங்கினாள். "அக்காவப் பாக்கத்தான் வேலைய விட்டேன், இப்ப அக்காவுக்குக் காசு கட்டத்தான் வாறேன்," என்று முதலாளியிடம் சொன்னாளாம். கோயிலில் பேசியவர்கள் கொஞ்சநாள் பேசினார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது ஒருத்தி, "எப்படி ஷெரோமி, வீடு இப்ப நிம்மதியா?" என்று குத்தலாகக் கேட்டாள். "ஆமாங்க," என்றாள் ஷெரோமி. "அக்காவும் நிம்மதியா இருக்காங்க. ஒரு நாள் வாங்க, கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்." அந்தப் பெண் உண்மையாகவே ஒருநாள் வந்தாள், மரியநாயகியோடு உட்கார்ந்து பேசி, கூடச் சேர்ந்து துணி மடித்துவிட்டுப் போனாள்.

இரண்டாம் வருடம் சாமான் விலை ஏறியதால் இல்லத்தில் கட்டணத்தைக் கூட்டினார்கள். செபஸ்தியாம்பிள்ளை, வேறொரு இடம் மலிவாக இருக்கிறதாம், விசாரிக்கலாமா என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அந்த வருடம் மழையில் மரக்கறி அழுகி, கடனுக்கு உரம் வாங்கிய யாரும் திருப்பிக் கட்டவில்லை.

"இடத்த மாத்துனா அக்கா மறுபடி முதல்ல இருந்து தொடங்கணும்ணே. அது வேணாம்," என்றான் மேர்வின். "கூடுனத நான் பாத்துக்கிறேன்."

காலையில் ஸ்டாண்டுக்குப் போவதற்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் ஹயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டான். விடியுமுன் எழ வேண்டும்; முதுகு வலித்தது. கூடிய பணத்தைக் கட்டினான். ஆறு மாதம் கழித்து அண்ணனின் கடை நிமிர்ந்தபோது, பேங்கில் அவர் தொகையைக் கூட்டி வைத்ததாக மிஸ்ஸி சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்தப் பள்ளிக்கூட ஹயரை அவன் விடவில்லை. அக்கா படுக்கையில் விழுந்தால் செலவு இன்னும் கூடும் என்று மிஸ்ஸி முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதற்கென்று ஒரு கணக்குத் திறந்து போட்டுவைக்கிறான்.

இப்போது மரியநாயகிக்கு அவன் யாரென்று பெரும்பாலும் தெரிவதில்லை. எயார்போட் போகிற பேச்சும் நின்றுவிட்டது. போன ஞாயிறு மேர்வின் போனபோது அவள் பின் வராந்தாவில் ராசம்மாவோடு கறிக்குப் போஞ்சிக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பெயர் வரவில்லை, தேடவும் இல்லை.

"சும்மா நிக்காதே. கைய கழுவிட்டு வந்து உக்காரு," என்றாள்.

மேர்வின் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். கூடையில் இன்னும் பாதி போஞ்சி இருந்தது. அவன் பெரிது பெரிதாக உடைக்க, மரியநாயகி அவற்றைப் பாத்திரத்திலிருந்து எடுத்து இன்னும் ஒருமுறை உடைத்துப் போட்டாள். தலவாக்கலையிலிருந்து ஒரு ஹயருக்குக் கூப்பிட்டார்கள். இப்போது வர முடியாது, வேறு ஆளை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டான். கூடை காலியானதும் ராசம்மா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள், மரியநாயகியும் எழுந்து அவள் பின்னாலேயே போனாள். மேர்வின் சிதறிக்கிடந்த நாரைக் கூட்டி அள்ளிப் போட்டுவிட்டு, மிஸ்ஸியிடம் சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தான்.